ஏரிச் சரிவில் விடுமுறை வீடு: பூட்டிக் கிடக்கும் நாட்களை நினைத்துக் கட்டுங்கள்

கொடைக்கானல் ஊரே விடுமுறை வீடுகளில் தொடங்கியதுதான். மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைக்குக் கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். இன்று அந்த ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் மரங்களுக்கு நடுவே பத்து சென்ட் கிடைக்காதா என்று தேடுகிறவர்கள் ஏராளம். மனை கிடைத்தவர்களில் பலர், “சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் கட்ட வேண்டும்” என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கூரையில் சோலார், வாசலில் மூங்கில் என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

விடுமுறை வீட்டுக்கும் நாம் தினமும் வாழும் வீட்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. விடுமுறை வீடு ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கும். மழையும் ஈரமும் அதற்காகக் காத்திருக்காது. கழிவுநீர்த் தொட்டியில் இருப்பது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆள் இல்லாத நாட்களில் இந்த வீடு ஏரியையும் காட்டையும் என்ன செய்யும் என்ற கேள்வியிலிருந்து வரைபடத்தைத் தொடங்க வேண்டும். கொடைக்கானலை எடுத்துக்காட்டாக வைத்து அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏற்காட்டிலோ ஊட்டியிலோ கட்டுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மனை வாங்கும் முன்

தரகர்கள் மனையைக் காட்டுவது பெரும்பாலும் சீசனில், ஏப்ரல், மே மாதங்களில். அப்போது எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழையில். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மேலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக மனைக்குள் நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறி ஏரிப் பக்கம் இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். தண்ணீர் ஓடும் தடத்தில் வீட்டை வைத்தால் ஆயுள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மரங்களின் அடித்தண்டு கீழ்நோக்கி வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அத்தகைய இடத்தில் மண் பரிசோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சட்டம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் போதாது. மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் எந்த வகையில் வருகிறது, ‘ஹாகா’ என்று சொல்லப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் இருக்கிறதா, ஏரிக்கரையிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை நகராட்சியிலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் சொந்த மனையில் நிற்கும் மரம் என்பதற்காக அனுமதியின்றி வெட்டிவிட முடியாது. பொக்லைனைக் கொண்டுவந்து மண்ணை வெட்டுவதற்கும் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அனுமதித்த அளவை மீறி இங்கே 7 தளம் எழுந்த ஒரு ஓட்டலை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நடத்திய வழக்கு, 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி மீறிய தளங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை.

எவ்வளவு பெரிய வீடு?

ஆண்டில் முப்பது நாள் தங்குவதற்கு 2,500 சதுர அடி எதற்கு? சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ லாரியில் மலையேறி வர வேண்டும். குறைத்துக் கட்டும் ஒவ்வொரு சதுர அடிக்கும் அந்தச் சுமையும் டீசலும் மிச்சம். 650 முதல் 750 சதுர அடிக்குள் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையல் மேடை, ஒரு குளியலறை, கூரையடியில் பிள்ளைகள் படுக்க ஒரு பரண், மூடிய தாழ்வாரம் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம். உறவினர் கூட்டமாக வரும் இரண்டு நாளைக்குத் தாழ்வாரம் போதும். அந்த இரண்டு நாளைக்காக இரண்டு அறை கூடுதலாகக் கட்டினால், மீதி நாளெல்லாம் அவற்றில் பூஞ்சைதான் குடியிருக்கும்.

சரிவை வெட்டாதீர்கள்

சமவெளிக் கட்டுமானக்காரர்கள் மலைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, சரிவை வெட்டித் தட்டையாக்குவது. வெட்டிய பக்கம் மேட்டு மண் பிடிப்பை இழக்கிறது. கொட்டிய பக்கம் இறுகாத மண் மழையில் கரைந்து ஏரிக்குப் போகிறது. அதற்குப் பதிலாகச் சரிவுக்கு ஏற்றபடி உயரம் மாறும் தூண்களில் வீட்டை நிறுத்தலாம், அல்லது தளத்தை இரண்டு மூன்று படிகளாக இறக்கலாம். தூண்களில் நிற்கும் வீட்டுக்கு அடியில் மழைநீர் தன் போக்கில் போகும், காற்றும் ஓடும், தரையில் ஈரம் ஏறாது.

தடுப்புச் சுவர் கட்டியே தீர வேண்டுமென்றால் கருங்கல்லில் கட்டி, பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேறத் துளைகள் விடுங்கள். மலையில் தடுப்புச் சுவர் சரியும்போது அதைத் தள்ளுவது பெரும்பாலும் மண்ணோடு சேர்ந்து பின்னால் தேங்கிய தண்ணீர்தான். வீட்டுக்கு மேல்புறம் ஒரு வெட்டுவாய்க்கால் எடுத்து, வரும் தண்ணீரை இரு பக்கமும் பிரித்து விடுவதும் அவசியம்.

மரங்களைப் பொறுத்தவரை, வெட்டாமல் விட்டாலே காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம். மரத்தை வேரறுத்தும் கொல்லலாம். தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பரப்பு இருப்பதாகக் கணக்கிடுவது வழக்கம். ஒன்றரை அடி விட்டமுள்ள மரத்துக்குச் சுற்றிலும் 18 அடி. அந்த வட்டத்துக்குள் பள்ளம் தோண்டக் கூடாது, மணல் குவிக்கக் கூடாது, லாரியும் நிற்கக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே கயிறு கட்டி அந்த வட்டங்களை அடையாளம் செய்துவிட்டு, மீதி இருக்கும் இடத்தில் வீட்டை வரையச் சொல்லுங்கள்.

எல்லா மரமும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். நாவல் வகைகளும் காட்டுப்பூவரசும் இந்த மலையின் சோலை மரங்கள். வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகியவை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இடத்துக்காக அனுமதி பெற்று மரம் எடுக்க நேர்ந்தால் இந்த அந்நிய மரங்களை எடுத்து, அந்த இடத்தில் சோலை நாற்றுகளை வையுங்கள்.

வெயில் வரும் பக்கம்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெயிலுக்கு அஞ்சிக் கட்ட வேண்டியதில்லை, அதை வரவேற்றுக் கட்ட வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 56 பாகை உயரத்தில் நிற்கும். அந்த உயர்ந்த வெயிலைக் கூரையின் இறவாணம் மறைத்துவிடும். பிற்பகலில் பல நாட்கள் மூடுபனி ஏறிவிடுகிறது. நம்பக்கூடியது காலை வெயில்தான். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், பெரிய சன்னலைக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வைத்து, அதன் உள்பக்கம் கருங்கல் தரை போட்டால் காலையில் வாங்கிய சூட்டை அது மாலைவரை கொஞ்சமாவது வைத்திருக்கும்.

ஏரி வேறு திசையில் இருந்தால் என்ன செய்வது? ஏரிப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி வைப்பதுதான் இப்போதைய நாகரிகம். இரவில் அறையின் சூடெல்லாம் அந்தக் கண்ணாடி வழியே போய்விடும். காட்டின் பிம்பத்தை நிஜக் காடென்று நம்பிப் பறவைகள் வந்து மோதும். உட்கார்ந்தால் கண்மட்டத்தில் ஏரி தெரிகிற ஒரே ஒரு அகலச் சன்னல், இரட்டைக் கண்ணாடியோடும் கனத்த திரையோடும் இருந்தால் போதும். முழுக் காட்சி வேண்டுமென்றால் தாழ்வாரத்துக்கு வந்து உட்காரலாம்.

சுவர், கூரை, ஈரம்

பூட்டிய மலை வீட்டின் முதல் பகை ஈரம். ஒரு மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் பூஞ்சை நெடி, மெத்தையில் சாம்பல் புள்ளிகள், உப்பிப்போன பிளைவுட் அலமாரி. பலரும் இதைச் சமாளிக்க ஹீட்டர் வாங்குகிறார்கள். கட்டும்போதே தடுப்பது மலிவு.

அடித்தளத்தை ஒன்றரை அடி உயர்த்தி, அதன் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடுங்கள். கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது நீளட்டும், சாரல் சுவரில் படாது. உள்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு நல்லது, ஈரத்தை வாங்கித் திருப்பிவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு அறையிலும் தரையருகே ஒன்றும் கூரையருகே ஒன்றுமாக, பூட்டியிருந்தாலும் மூடாத காற்றுத் துளைகள் வையுங்கள். அவற்றில் எலியும் பூச்சியும் நுழையாதபடி கம்பி வலை அடிக்க வேண்டும். அலமாரிக் கதவுகள் பலகையாக இல்லாமல் சட்டங்களாக இருக்கட்டும்.

சுவர் கட்ட, அருகில் கிடைக்கும் கருங்கல்லே முதல் தேர்வு. செங்கல் என்றால் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘எலிப்பொறி’க் கட்டு இருக்கிறது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் ஏறத்தாழ கால்வாசிச் செங்கல் மிச்சமாகும். அந்த வெற்றிடம் குளிரையும் தடுக்கும். மண் ஏற்றதாக இருந்தால், சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத மண்கட்டியை மனையிலேயே தயாரிக்கலாம். ஆரோவில்லில் இதற்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறார்கள். மர வேலைக்குத் தேக்கைத் தேட வேண்டாம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்த பைனும், காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கும் போதும். ரசீதோடு வாங்குங்கள்.

கூரையில் விழும் தண்ணீர்

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். கொடைக்கானலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை. 80 சதுர மீட்டர் கூரையில் வீணாவது ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டர் கிடைக்கும். கோடை மழை வரும்வரை, ஜனவரி முதல் மார்ச் வரைதான் வறட்சி. அந்த மூன்று மாதத்தில் நான்கு பேர் 20 நாள் தங்கி, ஆளுக்கு 100 லிட்டர் செலவழித்தால் தேவை 8,000 லிட்டர்தான். 12,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் லாரித் தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. நிரந்தரமாக வாழும் வீட்டுக்கு இந்தக் கணக்கு போதாது, விடுமுறை வீட்டுக்குத் தாராளம்.

பைன் மரம் பக்கத்தில் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஊசி இலைகள் கூரைவடிகாலில் விழுந்து, ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல் படியும். வடிகால் அடைத்து, தண்ணீர் பின்வாங்கிச் சுவருக்குள் இறங்கும். வடிகாலுக்குக் கம்பி வலை மூடியும், முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தனியே வெளியேற்றும் குழாயும் கட்டாயம் வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் கழிவுநீர் உறிஞ்சுகுழிப் பக்கம் போகக் கூடாது.

கழிவுநீர்: எல்லாவற்றையும்விட முக்கியம்

ஏரிச் சரிவில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய நன்மையும் பெரிய தீமையும் இங்கேதான் இருக்கிறது. செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் கழிவுநீர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. அங்கே திடக்கழிவு அடியில் தங்கிப் பாதி மக்குகிறது, அவ்வளவுதான். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கரைந்த தண்ணீர் வெளியேறி மண்ணுக்குள் போகிறது. சரிவில் கொஞ்சம் ஆழத்தில் பாறை இருந்தால், அந்தத் தண்ணீர் பாறையின் மேல் வழுக்கிக் கீழே எங்காவது ஊற்றாக வெளிப்பட்டு ஏரியைச் சேரும். அந்தச் சத்தைத் தின்று பாசியும் நீர்க்களையும் பெருகும். அவை மடிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் சாகும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைப்பாதையில் எல்லோரும் வண்டியை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி. அதற்குக் கீழேயும் ஊர்கள் உண்டு.

ஆகவே மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதலில் கசிவில்லாத இரண்டு அறைச் செப்டிக் டேங்க். அடுத்து, ஜல்லி நிரப்பிக் கல்வாழை, நாணல் நட்ட ஒரு செடிப்படுகை. ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் பரப்பு தேவை, குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஏரியிலிருந்து மனை அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி உறிஞ்சுகுழி. குடிநீர்க் கிணறு இருந்தால் அதிலிருந்தும் 18 மீட்டர் விலகியிருக்க வேண்டும். குழி எடுக்கும் முன் அந்த இடத்தில் சிறு பள்ளம் தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கவே இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.

மோட்டார் வைத்துக் காற்று ஊதிச் சுத்திகரிக்கும் ரெடிமேட் கருவிகளை விற்பனையாளர்கள் பரிந்துரைப்பார்கள். எப்போதும் ஆள் இருக்கும் விடுதிக்கு அது சரி. விடுமுறை வீட்டில் மாதக்கணக்கில் கழிவு வராமல் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பட்டினியில் மடிந்துவிடும். நீங்கள் வந்து இறங்கும் முதல் வார இறுதியில் கழிவு பெரும்பாலும் அப்படியே கடந்துபோகும். செடிப்படுகை மழைநீரைக் கொண்டும் பிழைத்துக்கொள்ளும், மின்சாரம் கேட்காது.

துணிவுள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, தண்ணீரில்லாத உரக் கழிப்பறை. திருச்சி மாவட்டம் முசிறியில் பொதுக் கழிப்பறையாகவே இது நடத்திக் காட்டப்பட்டது. மலம் ஒரு அறையிலும் சிறுநீர் தனியாகவும் சேரும். சாம்பலோ மரத்தூளோ தூவினால் நாற்றம் இருக்காது. ஒரு அறை நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். சமவெளி வெப்பத்தில் ஓராண்டு மூடி வைத்தால் போதும். 20 பாகைக்குக் கீழான குளிரில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைவாகப் பயன்படும் வீட்டில் அறை நிரம்பவே நாளாகும் என்பதால் இந்தக் காத்திருப்பு சிரமமில்லை.

சூடும் மின்சாரமும்

திறந்த கணப்பு அடுப்பு பார்க்க அழகு. ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். மூடிய இரும்பு அடுப்பில் அதே விறகுக்குப் பல மடங்கு சூடு கிடைக்கும். மூடிய அறையில் கரி அடுப்பை மட்டும் வைக்கவே கூடாது, அதில் வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். சோலார் வைப்பதானால், மரநிழல் விழாத கூரைப்பகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்வாரிய இணைப்போடு சேர்ந்தது என்றால் நீங்கள் இல்லாத நாட்களின் மின்சாரமும் வீணாகாது. விளக்குகள் மங்கலான மஞ்சளாக, தரையை நோக்கியபடி இருக்கட்டும். ஏரியை நோக்கி எரியும் ஃபோகஸ் லைட்டால் பூச்சிகளுக்கும் அவற்றைத் தின்னும் உயிர்களுக்கும் கேடு.

காட்டு மாடும் காட்டுத் தீயும்

கொடைக்கானல் தெருக்களில் காட்டு மாடு நடந்து போவது அன்றாடக் காட்சி. முள்கம்பி வேலி போட்டால் காயப்படும், அல்லது வேலியை உடைத்துக்கொண்டு போகும். மனை முழுவதையும் அடைக்காமல் வீட்டைச் சுற்றி மட்டும் கல்வேலி போட்டு, வழக்கமான தடத்தைத் திறந்து விடுங்கள். சாப்பாட்டுக் கழிவை வெளியே வைத்தால் காட்டுப்பன்றியும் குரங்கும் வந்து பழகிவிடும். பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை தீக்காலம். வீட்டைச் சுற்றி 10 மீட்டருக்குக் காய்ந்த சருகு சேரவிடாதீர்கள். விறகை வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள்.

பூட்டிவிட்டுக் கிளம்பும்போது

மெயின் தண்ணீர்க் குழாயை மூடுங்கள். பிரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள். மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வையுங்கள். குளியலறைத் தரையிலுள்ள நானி டிராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிறது. சில வாரங்களில் அது வற்றிவிடும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் எளிதில் ஆவியாகாது. மாதம் ஒருமுறை சன்னலைத் திறந்து, கூரைவடிகாலைச் சுத்தம் செய்ய உள்ளூரில் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அந்தச் சம்பளத்தையும் வீட்டுச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

பணம் போதாமல் போனால்

எந்தக் கட்டுமானத்திலும் பாதி வழியில் பணம் இறுகும். அப்போது கொத்தனாரும் என்ஜினீயரும் கைவைக்கச் சொல்வது மண்ணுக்குள் மறையும் வேலைகளில்தான்: செடிப்படுகை, தடுப்புச் சுவருக்குப் பின்னாலுள்ள ஜல்லி, வெட்டுவாய்க்கால். அவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணாடிச் சுவரையும் இரண்டாவது குளியலறையையும் புல்தரையையும் கூச்சப்படாமல் கைவிடுங்கள். கழிவுநீருக்கு முழுமையான ஏற்பாடு செய்ய இடமோ பணமோ இல்லையென்றால் அந்த மனையில் கட்ட வேண்டாம். பழைய வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்த்துத் தங்குங்கள். ஏரி அங்கேயேதான் இருக்கும், எந்தச் சன்னலிலிருந்தும் பார்க்கலாம்.